ஷிஆனில் ஒரு முழுப் பகல் கொடுங்கள்

சென்னை, கோவை, மதுரையிலிருந்து சீனாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கும் அவர்களுடைய டூர் மேனேஜர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெய்ஜிங், ஷிஆன், ஷாங்காய் என்று நீங்கள் போடும் திட்டங்களில் ஷிஆன் எப்போதும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. முந்தின நாள் இரவு வந்து இறங்குவோம். மறுநாள் பகலில் சுடுமண் வீரர்கள், சாயங்காலம் நகரக் கோட்டைச் சுவர், இரவு தாங் காலத்து நடன நிகழ்ச்சி. அடுத்த நாள் விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புல்லட் ரயிலுக்கு ஓட்டம். இதில் அந்தப் பகல் பொழுதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். உங்களில் ஒருவரோடு போய்வந்தவன் நான். யார் என்று சொல்லப்போவதில்லை. வேறு வேறு நிறுவனங்களோடு போய்வந்த நண்பர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான் என்பதால் பெயர் இங்கே தேவைப்படாது.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பகலை வேறு எதற்கும் பங்கு போடாமல், சுடுமண் வீரர்கள் இருக்கும் லின்டோங்கிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது அது எப்படிப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். எட்டரைக்கு பஸ் கிளம்புகிறது. அகழ்விடம் ஷிஆனுக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குள்தான். நேராகப் போனால் பத்து மணிக்கு முன்பே உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் பஸ் வழியில் ஒரு 'தொழிற்சாலை'யில் நிற்கும். வாசலில் பத்து நிமிடம் மண் பிசைந்து காட்டுவார்கள், உள்ளே ஒன்றரை மணி நேரம் கடை. முழங்கால் உயரப் போர்வீரன், ஆள் உயரப் போர்வீரன், கப்பலில் அனுப்பும் வசதி, அப்புறம் அதற்குச் சம்பந்தமே இல்லாத பட்டு மெத்தை, ஜேட் வளையல். பதினொன்றரைக்கு மேல் அருங்காட்சியக வாசலை அடைவோம். சீனா முழுவதிலிருந்தும் வந்த பயணக் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வரச் சொல்வீர்கள், ஏனென்றால் இரண்டு மணிக்கு நகரத்தில் இந்திய உணவகத்தில் சாப்பாடு சொல்லி வைத்திருக்கிறது. ஒரு சாம்பாருக்காக உலகத்தின் மிகப் பெரிய அரச சமாதி வளாகங்களில் ஒன்றை விட்டுவிட்டு ஓடிவருகிற கூட்டம் நாமாகத்தான் இருப்போம்.

அந்தக் கடை நிறுத்தத்தால்தான் டூரின் விலை குறைவாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தத் தொகையைக் கூடுதல் கட்டணமாக வெளிப்படையாகவே கேளுங்கள். கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது. விமானக் கட்டணத்தையும் விசாவையும் கட்டி, வயதான அம்மாவை வீட்டில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருகிறவர், ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்த இன்னும் கொஞ்சம் செலவழிக்க மாட்டாரா?

அருங்காட்சியகத்தில் கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் குழு பார்த்தது, வீரர்கள் இருக்கும் மூன்று குழிகளில் ஒன்றாம் குழியின் முன்பக்கக் கம்பித் தடுப்பு மட்டும். கூட்டத்துக்குள் கையைத் தூக்கிப் போனில் ஒரு படம், பிறகு 'அவ்வளவுதானா' என்ற முகம். அதே படம் உங்கள் விளம்பரத் தாளிலேயே இருக்கிறதே! எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பஸ்ஸில் ஏறியதும், "பொம்மையெல்லாம் நல்லாத்தான் வரிசையா நிக்குது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் காட்டப்பட்டது பொம்மை வரிசை மட்டுமே.

உண்மையில் அங்கே எதுவும் வரிசையாக நிற்கவில்லை, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். 1974 மார்ச் 29 அன்று ஷியாங் என்ற சிற்றூரில் விவசாயிகள் கிணறு வெட்டும்போது கிடைத்தவை உடைந்த மண் துண்டுகள்தான். லின்டோங் பண்பாட்டு நிலையத்தில் வேலை பார்த்த சாவ் காங்மின் என்பவர் அவற்றைச் சேகரித்து, கழுவி, ஒட்டி, முதல் வீரர்களை நிமிர்த்தினார். அந்தக் கிணறு இருந்த இடத்தை ஒன்றாம் குழியின் முன் மூலையில் ஒரு சின்னப் பலகை வைத்துக் குறித்திருக்கிறார்கள். எங்கள் கைடு அதைக் காட்டவில்லை. கடையில் உட்கார்ந்து புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட முதியவரை மட்டும் 'கிணறு வெட்டியவர்' என்று காட்டினார்.

அந்த வீரர்களின் கதியைக் கேளுங்கள். இவர்களைச் செய்யவைத்துத் தன் சமாதிக்கு அருகே புதைக்கச் சொன்ன சின் ஷி ஹுவாங் பதின்மூன்று வயதில், கி.மு. 246-ல் சின் நாட்டின் அரியணை ஏறியவர். கி.மு. 221-ல் மற்ற நாடுகளையெல்லாம் அடக்கி முதல் பேரரசரானார். கி.மு. 210-ல் இறந்தார். நான்கே ஆண்டுகளில் கிளர்ச்சிப் படைத்தலைவர் சியாங் யூ தலைநகருக்குள் புகுந்து அரண்மனைகளைக் கொளுத்தினார். குழிகளுக்குள்ளும் நெருப்பு தன் அடையாளத்தை விட்டிருக்கிறது. கரியான மரக் கட்டைகளும், சூட்டில் செங்கல் நிறமாகச் சிவந்த மண்ணும் இன்றும் கண்ணுக்குத் தெரியும். மேலே இருந்த மரக் கூரையும் மண்ணும் இறங்கி வீரர்களை நொறுக்கின. கிட்டத்தட்ட எல்லாரும் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தார்கள். மண்டியிட்ட வில்லாளி ஒருவர் மட்டும், தாழ்வாக அமர்ந்திருந்ததாலோ என்னவோ, ஒட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் முழுசாக வெளியே வந்தார். அவருடைய செருப்பின் அடிப்பாகத்தில் தையல் புள்ளிகள்கூடத் தெரியும். இரண்டாம் குழிக் கட்டடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். நாங்கள் அந்தக் கட்டடத்துக்குள் போகவே இல்லை.

இதனால்தான் குழிகளைப் பார்க்கும் வரிசையையே மாற்றச் சொல்கிறேன். எல்லாக் குழுக்களும் முதலில் ஒன்றாம் குழிக்குத்தான் பாய்கின்றன. நீங்கள் இரண்டாம் குழியிலிருந்து ஆரம்பியுங்கள். சுமார் 6,000 சதுர மீட்டர் பரப்புள்ள குழி அது. குதிரைப்படை, தேர்கள், வில்லாளிகள் எனப் பல பிரிவுகள் உள்ளே இருப்பதாகக் கணிக்கிறார்கள், ஆனால் பெரும்பகுதியை இன்னும் திறக்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தால் வீரர்களை அதிகம் காண முடியாது. மண் மேடும் பள்ளமுமாக நீளநீளமாக அலை எழுப்பியிருக்கும். ஒவ்வொரு அலையும் அடியில் இருந்த மரக் கூரை, பாரம் தாங்காமல் தொய்ந்து விழுந்த அச்சு. சில பயணிகள் 'இங்கே ஒன்றுமில்லை' என்று உடனே திரும்பிவிடுவார்கள். கைடு அங்கே ஐந்து நிமிடம் நின்று, இந்த அலைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது, அது ஏன் இன்னும் தோண்டப்படவில்லை என்று சொன்னால் போதும். அதற்கப்புறம் பார்க்கும் ஒன்றாம் குழி வேறு மாதிரி தெரியும்.

ஏன் தோண்டவில்லை என்பதற்கு வண்ணமே பதில். இன்று சாம்பலும் பழுப்புமாக நிற்கும் இவர்கள் எல்லாருமே ஒரு காலத்தில் பளபளவென்று நிறம் பூசப்பட்டவர்கள். சிவப்பு, பச்சை, நீலம், ரோஜா நிறச் சருமம். கால்சட்டைக்கும் மேலாடைக்கும் 'சீன ஊதா' என்கிற நிறம்கூட உண்டு. பேரியமும் செம்பும் சிலிக்காவும் சேர்த்துச் சுட்டு மனிதர் செய்த நிறமி அது. மண் உருவத்தின் மேல் முதலில் அரக்கு மரத்துப் பால் பூச்சு, அதன் மேல் வண்ணம். இரண்டாயிரம் ஆண்டுகள் ஈர மண்ணுக்குள் கிடந்த அந்த அரக்குப் பூச்சு, வெளிக்காற்றின் வறட்சி பட்ட சில விநாடிகளில் சுருளத் தொடங்கி, சில நிமிடங்களில் வண்ணத்தோடு உதிர்ந்துவிடுகிறது. முதலில் தோண்டியபோது இழந்தவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. பிறகு ஜெர்மனியின் பவேரிய மாநிலத் தொல்சின்னப் பாதுகாப்புத் துறை வல்லுநர்களோடு சேர்ந்து, மண்ணிலிருந்து எடுத்த உடனே பாலிஎத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருளைக் கொண்டு அந்தப் பூச்சை நிலைநிறுத்தும் முறையை உருவாக்கினார்கள். 1999-ல் இரண்டாம் குழியில் பச்சை வண்ண முகத்தோடு ஒரு வில்லாளி வெளிவந்தார். ஒரு வீரருக்கு ஏன் பச்சை முகம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. பஸ்ஸில் இதைச் சொன்னால் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள் என்பது என் கணிப்பு.

மூன்றாம் குழி சின்னது, 520 சதுர மீட்டர்தான். 68 உருவங்களும் ஒரு தேரும் இருந்த அந்தக் குழியைத் தலைமைப் பாசறை என்று கருதுகிறார்கள். கால் மணி நேரம் போதும்.

ஒன்றாம் குழிக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். முழுவதும் தோண்டினால் 6,000 உருவங்கள் இருக்கும் என்கிறார்கள். முன்பக்கத்தில் முட்டி மோதாமல் பக்கவாட்டு நடைபாதையில் நடந்து பின்பக்கம் போகச் சொல்லுங்கள். அங்கேதான் ஒட்டும் வேலை நடக்கிறது. தலையில்லாத உடல்கள், கயிறு கட்டி நிறுத்திய கால்கள், எண் ஒட்டிய துண்டுகள் நிறைந்த தட்டுகள். அந்த இடத்தை அங்கேயே 'மருத்துவமனை' என்று செல்லமாக அழைக்கிறார்கள். சின்னதாக ஒரு பைனாகுலர் எடுத்து வரும்படி பயணக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். நடைபாதையிலிருந்து வீரர்கள் எட்டத்தில் இருக்கிறார்கள். பைனாகுலர் வழியாகப் பார்த்தால்தான் ஒருவருடைய மீசை மேல்நோக்கி முறுக்கியிருப்பதும், இன்னொருவருக்கு இரட்டை நாடி இருப்பதும், கொண்டைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதும் தெரியும்.

உங்கள் கைடுகளிடமும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாத உள்ளூர் கைடு ஆங்கிலத்தில் சொல்ல, டூர் மேனேஜர் அதைத் தமிழில் திருப்பும்போது சில கட்டுக்கதைகளுக்கு இரண்டு மடங்கு பலம் வந்துவிடுகிறது.

ஒன்று, குரோமியக் கதை. வாள்கள் துருப்பிடிக்காமல் பளபளவென்று கிடைத்ததற்குச் சின் காலத்தவர் குரோமியம் பூசத் தெரிந்திருந்ததே காரணம் என்று பல காலமாகச் சொல்லி வந்தார்கள். 2019-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு அதை மறுத்தது. ஆயுதங்களின் மேல் இருந்த குரோமியம், பக்கத்தில் இருந்த வீரர்களின் அரக்குப் பூச்சிலிருந்தும் ஆயுதங்களின் பிடி, உறைகளுக்குப் பூசிய அரக்கிலிருந்தும் வந்தது என்று அந்த ஆய்வு சொல்கிறது. வெண்கலம் நன்றாக இருப்பதற்கு அந்த ஊர் மண்ணின் காரத்தன்மை, அதன் நுண்ணிய துகள்கள், வெண்கலத்தில் இருந்த கூடுதல் வெள்ளீயம் ஆகியவையே காரணம். நாங்கள் போனபோதும் எங்களுக்குச் சொல்லப்பட்டது பழைய கதைதான். கைதட்டல்கூடக் கிடைத்தது.

இரண்டாவது, 'ஒவ்வொரு வீரனும் உயிரோடு இருந்த ஒரு சிப்பாயின் அச்சு அசல்' என்பது. இதற்கு ஆதாரம் கிடையாது. தலைகளைத் தனியாக, குறிப்பிட்ட சில வகை அச்சுகளில் வடித்திருக்கிறார்கள். பிறகு ஈர மண்ணை அப்பிக் காது, புருவம், தாடி, முடி எல்லாம் கையாலேயே திருத்தியிருக்கிறார்கள். உடல் மண் திரிகளை அடுக்கிக் கட்டியது, உள்ளே பொள்ளல். கால்கள் மட்டும் கட்டியாக இருக்கும், அவைதான் பாரம் தாங்க வேண்டும். இந்தச் செய்முறையே எனக்கு அச்சு அசல் கதையைவிட சுவையாகப் படுகிறது. செய்தவர்களின் பெயர்களும் தெரியும். உருவங்களின் மேல் அழுத்தியும் கீறியும் விட்டிருக்கும் முத்திரைகளிலிருந்து 80-க்கும் மேற்பட்ட குயவர் பெயர்களைப் படித்திருக்கிறார்கள். சிலர் அரண்மனைப் பட்டறைக்காரர்கள், சிலர் தலைநகர் சியான்யாங் ஊர்க்காரர்கள். சில ஆயுதங்களிலும் அப்படியே. மேற்பார்வையிட்ட தலைமை அமைச்சர் லூ புவேய் பெயரில் தொடங்கி, கடைசியில் அடித்துச் செய்த தொழிலாளியின் பெயர் வரை பொறித்திருக்கும். கௌரவத்துக்காகப் பொறித்ததில்லை. வேலையில் தப்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா.

இனி நீங்கள் முழுசாகவே விட்டுவிடுகிற பாதிக்கு வருகிறேன். 120 யுவான் டிக்கெட் வெறும் மூன்று குழிகளுக்கானது இல்லை. அதே டிக்கெட்டில் லிஷான் பூங்காவும், அங்கே போகிற பஸ்ஸும் சேர்த்திதான். பேரரசரின் சமாதி மேடு அங்கேதான் இருக்கிறது. வீரர் குழிகள் அந்த மேட்டுக்குக் கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. அதாவது குழுவாக நாங்கள் பார்த்துவிட்டு வந்தது வாசல் காவலை மட்டும். வீட்டுக்குள் இருப்பவரைப் பார்க்கவே இல்லை.

மேடு இன்னும் திறக்கப்படவில்லை. வரலாற்றாசிரியர் சிமா சியன், பேரரசர் இறந்து ஒரு நூற்றாண்டு கழித்து எழுதியதில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்ததாகச் சொல்கிறார். உள்ளே பாதரசத்தில் ஆறுகளும் கடலும், நுழைபவரைத் தாக்கத் தானாக எய்யும் வில் பொறிகள், கடைசியில் உள்ளேயே அடைக்கப்பட்ட கைவினைஞர்கள் என்று அவர் விவரிக்கிறார். ஆனால் சுடுமண் படையைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இருப்பதைச் சொல்லாமல் விட்டவர் சொன்னதெல்லாம் இருக்குமா என்ற கேள்விக்கு ஓரளவு விடை, மேட்டு மண்ணில் 1980-களில் எடுத்த பரிசோதனைகளில் இயல்புக்கு மேல் பாதரசம் தென்பட்டதுதான்.

திறக்காமல் வைத்திருப்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. பெய்ஜிங்கில் நீங்களே எங்களை மிங் பேரரசர்களின் சமாதிகளுக்கு அழைத்துப் போகிறீர்கள். அங்கே டிங்லிங் என்கிற வான்லி பேரரசரின் சமாதியை 1956-லிருந்து 1958 வரை தோண்டினார்கள். உள்ளே குவிந்திருந்த பட்டுத் துணிகள் வெளியே வந்ததும் கெட்டுப்போயின. 1966-ல் பண்பாட்டுப் புரட்சியின் போது செங்காவலர்கள் பேரரசர், பேரரசியரின் எலும்புகளை வெளியே இழுத்துப் போட்டு எரித்தார்கள். அதற்கப்புறம் அரச சமாதிகளைத் தாமாகத் தோண்டுவதில்லை என்பதே அரசின் போக்கு. டிங்லிங்கில் வைத்து இதைச் சொல்லி, ஷிஆனில் அந்தப் புல் மூடிய மேட்டின் முன்னால் எங்களை நிறுத்துங்கள். இரண்டு ஊர்களும் ஒரே கதையின் இரண்டு பாகங்களாக எங்களுக்குப் புரியும். இப்போது அவை டூர் அட்டையில் இரண்டு டிக் அடையாளங்கள்.

லிஷான் பூங்காவில்தான் வெண்கலத் தேர்களும் இருக்கின்றன. 1980 டிசம்பரில் மேட்டுக்கு மேற்கே கிடைத்தவை, அசலில் பாதி அளவு. 2021 மே மாதத்திலிருந்து அவற்றுக்கென்று தனி அருங்காட்சியகம். இரண்டாம் எண் தேரை மூவாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட உறுப்புகளை இணைத்துச் செய்திருக்கிறார்கள், எடை ஒரு டன்னுக்கு மேல். சன்னல் சட்டத்தைத் திறந்து மூடலாம். கடிவாளத்தில் தங்கமும் வெள்ளியும் கோத்திருக்கிறார்கள். என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், வேலைத்திறன் என்று வந்தால் ஆறாயிரம் வீரர்களையும் இந்த இரண்டு தேர்கள் தோற்கடித்துவிடும். எங்கள் குழுவில் நானும் இன்னும் இருவரும் கெஞ்சிக் கூத்தாடி, ஹோட்டலுக்கு நாங்களே திரும்பி வந்துகொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இவற்றைப் பார்க்க முடிந்தது. திரும்பி வரும்போது மெட்ரோவின் ஒன்பதாம் பாதையில் ஏறி, நகரத்துக்குள் பாதை மாறி, சிக்கலில்லாமல் வந்து சேர்ந்தோம்.

அதே பூங்காவில் 1999-ல் தோண்டத் தொடங்கிய ஒரு குழியில் வித்தைக்காரர்களின் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. மேலாடை இல்லாமல், தொந்தியும் புடைத்த புஜமுமாக நிற்கும் ஆட்கள். படை மட்டும் போதாது, மறுமையில் பொழுதுபோக்கும் வேண்டும் என்று பேரரசர் நினைத்திருக்கிறார். இன்னொரு குழியில் கைகளை நீண்ட சட்டைக் கைக்குள் நுழைத்துக்கொண்டு நிற்கிற அதிகாரிகள். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்த எனக்கு அந்த நிற்கும் தோரணை அவ்வளவு பழக்கமானது.

சமாதி கட்டிய கூலிகளின் இடுகாடும் அந்த வட்டாரத்திலேயே, சாவ்பேஹு என்ற ஊரருகே கிடைத்திருக்கிறது. சில உடல்களோடு உடைந்த ஓட்டுத் துண்டுகளில் பெயரும் சொந்த ஊரும் கீறி வைத்திருந்தார்கள். கடனுக்கும் தண்டனைக்கும் ஈடாகத் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் இடம் அது இல்லை. ஆனால் வீரர்களை எண்ணிச் சொல்கிற உங்கள் பஸ் மைக்கில் இவர்களுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பீர்கள். ஷிஆன் பக்கம் லியாங்பி என்று ஒன்று உண்டு. அரிசி அல்லது கோதுமை மாவில் செய்த குளிர்ந்த பட்டை நூடுல்ஸ், மேலே மிளகாய் எண்ணெய், வினிகர், வெள்ளரி. சைவம், காரம், நம் நாக்குக்கு ரொம்பவே ஒத்துப்போகும். முட்டை, இறைச்சி வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய அட்டையை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் லின்டோங்கிலேயே மதியத்தை முடித்துக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் போனால் அந்த ஊர் மாதுளையும் கிடைக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீங்கள் காலையிலேயே தயிர் சாதப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம். அதைச் செய்யத் தெரிந்த சமையல்காரரை உடன் அழைத்து வரும் நிறுவனங்களும் உங்களில் உண்டே.

முழங்கால் வலிக்காரர்களைப் பற்றியும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நடை அதிகம் என்பது உண்மை. வாசலிலிருந்து குழிகளுக்கே நல்ல தூரம். அவர்களுக்கு பேட்டரி வண்டி, சக்கர நாற்காலி ஏற்பாடு செய்துவிட்டு, குழுவை இரண்டாகப் பிரிப்பதில் தவறில்லை. மெதுவாகப் போகிறவர்கள் மூன்று குழிகளோடு நிறுத்திக்கொள்ளட்டும், மற்றவர்கள் லிஷான் பூங்காவுக்குப் போகட்டும், நாலரைக்கு எல்லாரும் வாசலில் சேரட்டும். கோட்டைச் சுவரை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது பகலைவிட அழகு என்பதால் அதை இரவுக்குத் தள்ளிவிடலாம். நடன நிகழ்ச்சியை விட்டால் யாரும் அழப்போவதில்லை. அக்டோபர் முதல் வாரத்தையும் மே மாதத் தொடக்கத்தையும் தயவுசெய்து தவிருங்கள். சீனர்களுக்கே அது விடுமுறைக் காலம், பார்க்கக் கிடைப்பது பின்மண்டைகள்தான்.

அடுத்த பருவத்துக்கான பயண அட்டவணையை நீங்கள் அச்சுக்குக் கொடுப்பதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசை. ஷிஆன் நாளுக்கு எதிரே 'லின்டோங், முழு நாள், கடை நிறுத்தம் இல்லை' என்று யார் அச்சிடுகிறாரோ, அவரிடம் என் மனைவிக்கும் அவள் தம்பி குடும்பத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்த பயணி